அண்ணாச்சி அரண்மனை பார்த்த கதை

(கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் ஒரு பழக்கடை. மட்டி வாழைக்குலையைத் தொங்கவிட்டுக்கொண்டிருக்கும் அண்ணாச்சியிடம், பக்கத்துத் தையற்கடைத் தம்பி வந்து நிற்கிறார்.)

தம்பி: சென்னை மருமகன் வந்ததும் இரண்டு நாளாகக் கடையை மூடிவிட்டீர்களே, எங்கே போயிருந்தீர்கள்?

அண்ணாச்சி: பத்மநாபபுரம் அரண்மனைக்குத்தான். முதல் நாள் வெளியில் நின்று வாசற்கதவின் வேலைப்பாட்டை மட்டும் பார்த்தோம்.

(அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. நாற்பது ஆண்டுகளாகக் கூப்பிடு தூரத்தில் கடை வைத்திருப்பவர் அதை எப்படி வாய்விட்டுச் சொல்வார்?)

தம்பி: உள்ளே என்ன பார்த்தீர்கள்?

அண்ணாச்சி: 64 வகை மூலிகை மரங்களால் செய்ததென்று ஒரு கட்டிலைக் காட்டினார்கள். என் முதுகுவலிக்கு ஒரு நாழிகை படுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். மருமகன் என்னைத் தெரியாதவர் போல் நகர்ந்துவிட்டார். அதைவிடு, ஆயிரம் பேர் பந்தியில் அமரக்கூடிய ஊட்டுப்புரையில் நின்றபோது, என் கண்ணுக்கு ஆயிரம் தலைவாழை இலைகள்தான் தெரிந்தன. அன்றைக்கு இலை போட்ட வியாபாரி கொடுத்துவைத்தவர்!

தம்பி: அரசர் கடன் சொல்லியிருந்தால்?

அண்ணாச்சி: (யோசித்து) இலையை அன்பளிப்பாகக் கொடுத்ததாக எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

தம்பி: நம் ஊர் அரண்மனையைக் கேரள அரசு பராமரிக்கிறதே, அது எப்படி?

அண்ணாச்சி: 1956-இல் மாநிலங்களைப் பிரித்தபோது நாம் தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டோம், அரண்மனை மட்டும் அவர்கள் பொறுப்பிலேயே நின்றுவிட்டது. வீடு நம் தெருவில், சாவி அக்காள் வீட்டில். நன்றாகத் துடைத்து வைத்திருக்கிறார்கள், நான் குறை சொல்லமாட்டேன். பிறகு உதயகிரிக் கோட்டைக்குப் போய் டிலனாயின் கல்லறையைப் பார்த்தோம். 1741-இல் குளச்சலில் டச்சுப் படைக்காகப் போரிட்டுத் தோற்றுப் பிடிபட்ட அந்த மனிதரையே, திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மா தம் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்தாராம்.

தம்பி: தோற்றவரிடமா பாடம் படிப்பது?

அண்ணாச்சி: கணக்கில் இரண்டு முறை தோற்ற உன் அண்ணன் இப்போது டியூஷன் எடுக்கவில்லையா? கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. லத்தீன் எனக்குப் புரியவில்லை.

தம்பி: தமிழ்?

அண்ணாச்சி: கண்ணாடியைக் கடையில் வைத்துவிட்டுப் போயிருந்தேன்.

தம்பி: சுசீந்திரத்து இசைத்தூண்கள்?

அண்ணாச்சி: தேங்காயைத் தட்டியே முற்றலா இளசா என்று சொல்லிவிடுகிற எனக்கு, கல்லைத் தட்டிச் சுரம் கண்டுபிடித்த அந்தச் சிற்பியிடம் மட்டும் பொறாமை வந்தது. சரி, நீ அரண்மனை பார்த்திருக்கிறாயா?

தம்பி: பக்கத்தில்தானே இருக்கிறது என்று இருந்துவிட்டேன். வரும் திங்கட்கிழமை எனக்கு வேலையில்லை, வீட்டாரை அழைத்துக்கொண்டு போகிறேன்.

அண்ணாச்சி: (இரண்டு மட்டிப் பழங்களைப் பிய்த்து நீட்டி) அருமையான நாள், தம்பி. கூட்டமே இருக்காது. வாசற்கதவை மட்டும் ஆற அமரப் பார்.