பங்கர் வெட்டியவர்களிடம் முதலில் கேளுங்கள்

போர்ச் செய்திகளில் பொதுமக்களை எப்போதும் 'சிக்கிக்கொண்டவர்கள்' என்றே எழுதுகிறார்கள். இந்தச் சொல் என்னைப் பல ஆண்டுகளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. சிக்கியிருப்பது உண்மைதான், ஆனால், சிக்கிய இடத்தில் அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. எந்த ஓசை புறப்படும் எறிகணையுடையது, எந்த ஓசை நம்மை நோக்கி வருவது என்று பிரித்தறிவது முதல், எந்தத் தெருவை எந்த நேரத்தில் கடக்கலாம் என்பது வரை, உயிர்காக்கும் அறிவு அவர்களிடம்தான் முதலில் உருவாகிறது. உதவி அமைப்புகள் வந்து சேரும் நாள்வரை பிழைத்திருப்பவர்கள், பெரும்பாலும் அந்த அறிவாலும் அக்கம்பக்கத்தாரின் துணையாலும்தான் பிழைத்திருப்பார்கள்.

2009இன் தொடக்க மாதங்களில் இலங்கையின் வடக்கே, வன்னியின் கடற்கரையோரம் போரில் ஒதுங்கிய மக்கள் மணலில் பங்கர், அதாவது பதுங்குகுழி, வெட்டினார்கள். மணல் நிற்காது, வெட்டவெட்டச் சரியும். மண்மூட்டைக்குச் சாக்குக் கிடைக்காதபோது, பெண்கள் தம் சேலைகளைக் கிழித்துப் பைகளாகத் தைத்து, மணலை நிரப்பி அடுக்கினார்கள். பெட்டியடியில் பொத்திவைத்திருந்த பட்டுச்சேலைகளும் அதில் போயின. நேராக மேலே விழும் எறிகணையை அப்படிப்பட்ட குழி தாங்காது. ஆனால், தள்ளி விழுந்து வெடிப்பதன் சிதறல்கள் பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் பறப்பதால், தரைமட்டத்துக்குக் கீழே இருப்பவர் தப்ப வழியுண்டு. வாசலில் வெடித்தால் சிதறல் உள்ளே நேராகப் பாயாதிருக்கவே, குழியை ஒரு மூலையில் மடக்கி 'எல்' வடிவில் வெட்டுவார்கள்.

உக்ரைனில் 2022 முதல் மக்கள் 'இரண்டு சுவர் விதி' என்று ஒன்றைச் சொல்கிறார்கள். நிலவறைக்கு ஓட நேரமில்லையென்றால், வெளிப்புறத்துக்கும் நமக்கும் நடுவே இரண்டு சுவர்களாவது இருக்கும்படி, சன்னலில்லாத நடைவழியிலோ குளியலறையிலோ ஒதுங்க வேண்டும்: முதற்சுவர் வெடிப்பின் விசையை வாங்கிக்கொள்ளும், இரண்டாவது சிதறலைத் தடுக்கும். 1990களில் முற்றுகையிலிருந்த போஸ்னியத் தலைநகர் சரயேவோவில் குறிபார்த்துச் சுடுபவர்களின் பார்வையை மறைக்கத் தெருக்களின் குறுக்கே துணிகளைக் கட்டித் தொங்கவிட்டார்கள். துணி தோட்டாவைத் தடுக்காது. யார் கடக்கிறார் என்பது சுடுபவனுக்குத் தெரியாமலிருந்தாலே பாதி உயிர் மிச்சம்.

எல்லாவற்றிலும் கடினமானது, எப்போது கிளம்புவது என்னும் முடிவுதான். முன்கூட்டியே கிளம்பினால் வீடும் தொழிலும் போகும், தாமதித்தால் பாதையே போய்விடும். நடக்க முடியாத தாயை யார் தூக்குவது, வழியில் பிரிந்தால் எங்கே சந்திப்பது, பிறப்புச் சான்றிதழும் மருந்துச்சீட்டும் யார் பையில் இருக்கும் என்பவற்றை அமைதியான ஒரு மாலையில் பேசி வைத்த குடும்பங்களுக்குக் குண்டு விழும் இரவில் சில நிமிடங்கள் மிஞ்சும். காசாவில் 2023இல் பெற்றோர் பிள்ளைகளின் கைகால்களில் பெயரை எழுதி வைத்தார்கள். பிள்ளை இறந்துபோனாலும் அடையாளமில்லாமல் புதைக்கப்படக் கூடாது என்பதற்காக ஒரு தாய் பேனாவை எடுக்கிறாள் என்பதை எழுதும்போதே எனக்குக் கை நடுங்குகிறது.

இவ்வளவும் செய்தவர்களும் கொல்லப்பட்டிருக்கிறார்கள். 1991 பெப்ரவரி 13 அன்று பாக்தாத்தின் அமீரியா காப்பிடத்தில் இரண்டு குண்டுகள் விழுந்து நானூறுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் மாண்டார்கள். உக்ரைனின் மரியுபோல் நகரில், மக்கள் தஞ்சமடைந்திருந்த நாடக அரங்கின் வெளியே தரையில், வானிலிருந்து படிக்கத்தக்க பேரெழுத்துகளில் 'குழந்தைகள்' என்று எழுதியிருந்தும், 2022 மார்ச் 16 அன்று அது தாக்கப்பட்டது. ஆகவே, "ஏன் முன்பே வெளியேறவில்லை?" என்று உயிரிழந்தவர்களை நோக்கிக் கேட்பவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. பொதுமக்களைக் குறிவைக்கக் கூடாது என்று 1977இன் ஜெனீவா கூடுதல் நெறிமுறை வெளிப்படையாகச் சொல்கிறது. அந்தக் கடமை ஆயுதம் ஏந்தியவனுடையது, குழி வெட்டியவர் அதற்குப் பொறுப்பாளி அல்லர்.

உதவிக்குப் போகும் அமைப்புகளிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். வகுத்து வைத்த திட்டத்தை விரிப்பதற்கு முன், அந்தத் தெருவில் இரவில் யார் விழித்திருந்து மற்றவர்களை எழுப்புகிறார், தண்ணீருக்கும் விறகுக்கும் பெண்கள் எந்த வழியாகக் கூட்டமாகப் போகிறார்கள், பங்கருக்கு இன்னும் என்ன குறைகிறது என்று கேளுங்கள். சாக்கும் மண்வெட்டியும் மரக்குற்றியும் என்று அவர்கள் சொன்னால், முதல் வண்டியில் அவற்றையே ஏற்றி அனுப்புங்கள்.