பைப்புக்கு ரோஸ்வுட் போதாது

“புகையிலை பிடிக்கும் பைப்புக்குப் பிரையர் மரம் எதற்கு, ரோஸ்வுட்டிலேயே செய்யச் சொல்லுங்கள், கைவேலைக்காரர் கேட்கும் விலை முழுக்க மரத்துக்குத்தான்” என்று ஒருவர் எழுதியிருப்பதை நம்பி யாரும் ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள். இரண்டுமே தவறு.

பிரையர் என்பது எரிக்கா ஆர்போரியா என்னும் மத்தியதரைக்கடல் புதர்ச்செடியின் வேர்முண்டு. இத்தாலி, கோர்சிகா, கிரீஸ் பக்கம் தோண்டி எடுத்து, வெட்டி, மணிக்கணக்கில் நீரில் வேகவைத்து, மாதக்கணக்கில் உலர்த்துகிறார்கள். சூட்டைத் தாங்கும், எளிதில் கருகாது. ரோஸ்வுட்டில் எண்ணெய்ப்பசை அதிகம். அதன் தூளே பலருக்குத் தோல் அரிப்பைக் கொடுக்கும். அதில் நெருப்பை வைத்துப் புகையை உள்ளே இழுப்பதா? தயவுசெய்து வேண்டாம். பிரையர் கட்டுப்படியாகவில்லையா, பேரிமரமோ செர்ரியோ கேளுங்கள்.

விலைக்கு வருவோம். பெரும்பங்கு உழைப்புக்கும் கழிவுக்கும். பாதி செதுக்கிய பிறகு கட்டைக்குள் மணல்குழி, அதாவது மரத்திலேயே இயற்கையாக இருக்கும் சிறு பள்ளம், தெரியும். ஆழமாக இருந்தால் அந்தக் கட்டை குப்பைக்கு. மேலோட்டமான குழியென்றால் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி மறைப்பார்கள். அதனால்தான் ஒரே கைவினைஞரிடம் சொரசொரப்பான பைப் மலிவு. நேர்கோட்டு இழையோடு பளபளப்பாக, பழுதே இல்லாமல் வருவது பல மடங்கு விலை. வாயில் வைக்கும் எபோனைட் (கெட்டி ரப்பர்) தண்டை அரம் போட்டுத் தேய்ப்பதற்கே எவ்வளவு நேரம் போகும் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள்.