நாங்கள் மண்டபப் பக்கம்

(மட்டக்களப்பில், கல்லடிப் பாலத்துக்குத் தென்புறம் ஒரு கல்யாண மண்டபம். ஆவணி மாதம், முகூர்த்த நாள். வாசலில் வாழைமரம் கட்டியிருக்கிறது. பட்டு வேட்டியோடு இருவர் வந்து நிற்கிறார்கள். ஒருவர், மகளுக்குத் தையில் கல்யாணம் வைத்திருக்கும் தகப்பன். மற்றவர் அவருடைய மனைவியின் தம்பி; எந்தக் கல்யாணம் என்றாலும் சமையல் கிடாரத்துக்குப் பக்கத்தில்தான் நிற்பார். இன்றைய கல்யாண வீட்டாரை இருவருக்குமே தெரியாது.)

அத்தான்: மச்சான், சொல்லாத கல்யாணத்துக்குள் எப்படி நுழைவது? கால் கூசுகிறது.

மச்சான்: ஆளில்லாத நேரம் பார்த்தால் எல்லா மண்டபமும் நல்ல மண்டபம்தான் அத்தான். போன கிழமை முகாமையாளர் திறந்து காட்டினாரே, ஏசி எப்படி இருந்தது?

அத்தான்: நடுங்கிப்போனேன்.

மச்சான்: நின்றது மூன்று பேர். நடுங்காமல் என்ன செய்யும்? முந்நூறு பேர் பட்டுச்சேலையோடு மூச்சு விடும்போது குளிருகிறதா என்று பார்க்கத்தான் வந்திருக்கிறோம். பன்னீர் தெளித்தால் தலையைக் குனியுங்கள். யாராவது சிரித்தால் திருப்பிச் சிரியுங்கள். நான் போய்க் கூடத்தின் அளவை எடுத்துக்கொண்டு வருகிறேன்.

(கால் மணி நேரம் போகிறது. அத்தான் முன்வரிசைக் கதிரையில், கையில் கற்கண்டோடு, பொம்பிளையின் தாய்மாமன் போல இருக்கிறார்.)

மச்சான்: இங்கே ஏன் இருக்கிறீர்கள்? பின்னுக்கு இருக்கச் சொன்னேனே!

அத்தான்: வாசலில் ஒரு ஐயா கையைப் பிடித்துவிட்டார். “மாப்பிள்ளை பக்கமா, பொம்பிளை பக்கமா?” என்று கேட்டார். வாய் தடுமாறி “மண்டபப் பக்கம்” என்று சொல்லிவிட்டேன்.

மச்சான்: மறுகா?

அத்தான்: மறுகா என்ன, மண்டப முதலாளி என்று நினைத்து முன்னுக்குக் கொண்டுவந்து இருத்திவிட்டார். பொம்பிளையின் பெரியப்பாவாம். இருத்தினவர் சும்மா போனாரா? கணக்குக் கேட்கிறார்.

மச்சான்: என்ன கணக்கு?

அத்தான்: வாடகை ஒன்று சொல்லி முற்பணம் வாங்கினார்களாம். மறுகா துப்புரவுக்கு வேறாகக் காசாம். கரண்ட் போனால் ஜெனரேட்டருக்கு மணித்தியாலக் கணக்கில் டீசல் காசாம். அந்த ஜெனரேட்டரிலும் லைட்டும் ஃபேனும் மட்டும்தான் ஓடுமாம், ஏசி ஓடாதாம். வெளிச் சமையல்காரரைக் கொண்டுவந்தால் அதற்கும் ஒரு காசாம். “இது நியாயமா முதலாளி?” என்று என்னைக் கேட்கிறார்.

மச்சான்: நீங்கள் என்ன சொன்னீர்கள்?

அத்தான்: அநியாயம்தான் என்றேன். முதலாளியே ஒப்புக்கொண்டார் என்று மனிசனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மச்சான்: முகாமையாளர் நமக்கு இதில் ஒரு சொல் சொன்னாரா பாருங்கள்! சரி, என் கணக்கைக் கேளுங்கள். தரையில் இரண்டடி டைல்ஸ் போட்டிருக்கிறது. நீளத்துக்கு 30, அகலத்துக்கு 20.

அத்தான்: டைல்ஸை எண்ணவா தலையைக் குனிந்துகொண்டு நடந்தாய்? பக்கத்தில் இருந்த அம்மா, “பாவம், அந்தத் தம்பிக்கு என்ன கவலையோ” என்றார்.

மச்சான்: 60 அடிக்கு 40 அடி. 2,400 சதுர அடி. கதிரைகளை வரிசையாகப் போட்டால் ஆளுக்கு எட்டுச் சதுர அடி வேண்டும். ஆக 300 பேர். முகாமையாளர் சொன்னது பொய்யில்லை. ஆனால் உங்கள் மகள் கேட்கிறாளே வட்ட மேசை, அதற்கு ஆளுக்குப் பன்னிரண்டு. 200 பேரோடு கூடம் நிறைந்துவிடும்.

அத்தான்: நம் பட்டியலில் 290 பேரல்லவா? மிச்சம் 90 பேர்?

மச்சான்: வாசலில் நின்று சந்தனம் கொடுக்கட்டும்.

அத்தான்: வட்ட மேசை என்னத்துக்கு! அவள் முதலில் பாசிக்குடாக் கடற்கரையில் வைக்கத்தானே கேட்டாள்.

மச்சான்: தை மாதத்திலா? வாடைக்காற்றில் மாப்பிள்ளையின் தலைப்பாகை கல்குடாவில் போய் விழும். மழை வந்தால் ஐயர் ஓமத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அங்கே கடல் அமைதியாகக் கிடப்பதெல்லாம் சித்திரைக்குப் பிறகு, வெள்ளைக்காரர் வரும் காலத்தில். அதோடு மாப்பிள்ளை வீட்டார் கல்முனையிலிருந்து வர வேண்டும். மட்டக்களப்புக்கே நாற்பது கிலோமீற்றர். பாசிக்குடா என்றால் இன்னும் முப்பத்தைந்து. தாலி கட்டும் நேரம் வாழைச்சேனைச் சந்தியில் பாதை கேட்டுக்கொண்டு நிற்பார்கள்.

அத்தான்: இந்த மண்டபம் என்றால் அவர்களுக்குப் பாலம் கடக்கும் வேலையும் இல்லை. ஆனால் புளியந்தீவில் இருக்கும் பெரியம்மா விடமாட்டா. 1924 இல் கட்டின பாலம் ஒன்று, 2013 இல் திறந்த பாலம் ஒன்று, இரண்டு பாலம் இருக்கிறது. இருந்தும் கல்லடி என்றால் “அவ்வளவு தூரமா?” என்பா.

(கெட்டிமேளம். தாலி ஏறுகிறது. பெண்கள் குரவை போடுகிறார்கள். நம் ஆட்கள் இருவரும் எழுந்து நின்று அறுகரிசி போடுகிறார்கள். அத்தானுக்கு லேசாகக் கண்ணீர்கூட வருகிறது. முன்பின் தெரியாத பிள்ளைதான், என்றாலும் தகப்பன் மனசு.)

மச்சான்: குரவை நன்றாகக் கேட்டது. மைக்கில் அறிவிப்பாளர் என்ன சொன்னார்?

அத்தான்: “வருக” என்றார். சுவரில் பட்டு நாலு தரம் “வருக” என்று கேட்டது. மிச்சம் விளங்கவில்லை.

மச்சான்: நம் வாவியில் பாடும் மீனைக் கேட்க, தோணியில் போய்த் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மற்ற முனையில் காதை வைப்பார்களே, இந்த மைக்குக்கும் அப்படித்தான் செய்ய வேண்டும். எழும்புங்கள், சாப்பாட்டுக் கூடம் மேல்மாடியில்.

அத்தான்: மேல்மாடியா? அம்மம்மாவின் முழங்கால்?

மச்சான்: இருபத்திரண்டு படி. எண்ணினேன். ஒரு பந்திக்கு 100 பேர். 300 பேருக்கு மூன்று பந்தி. ஒரு பந்திக்கு நாற்பது நிமிடம் என்றால் இரண்டு மணித்தியாலம். அம்மம்மாவை முதல் பந்திக்கு ஏற்றினால் கடைசிப் பந்தி முடியும்போது இறக்கலாம்.

(சாப்பிட்டுவிட்டு, கை கழுவும் சாக்கில் பின்பக்கம் போகிறார்கள். இந்த இடத்தில் மச்சான் உண்மையிலேயே கெட்டிக்காரர்.)

மச்சான்: அத்தான், இந்தச் சுவரைப் பாருங்கள். மேலே பழைய பெயின்ட். அடியில் ஓர் அடி உயரத்துக்கு மட்டும் புதுப் பெயின்ட்.

அத்தான்: அழகுக்கு அடித்திருப்பார்கள்.

மச்சான்: கிடாரம் கழுவும் இடத்தில் என்ன அழகு? மார்கழி தையில் இங்கே தண்ணீர் நிற்கிறது. அடுப்பு வைக்கும் இடமும் இதுதான்.

அத்தான்: ஐயோ! 2011 தை வெள்ளத்தில் எங்கள் முற்றத்தில் முழங்காலளவு நின்றதே. அதற்குப் பயந்துதானே வீட்டில் பந்தல் வேண்டாம் என்று மண்டபம் தேடுகிறோம்.

மச்சான்: கூடத்துக்குள் வராது, நாலு படி உயரம். சமையலை மட்டும் வெளியில் முடித்துக் கொண்டுவருவோம். ஏசி பரவாயில்லை. மலசலகூடத்தில் வரிசை நின்றாலும் தண்ணீர் வந்தது. முகாமையாளரிடம் டீசல், துப்புரவு எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு முற்பணம் கொடுக்கலாம். பட்டியலில் 290 பேர், கதிரை 300. கணக்குச் சரி.

அத்தான்: மச்சான், நான் ஒரு கவர் கொடுத்தேன்.

மச்சான்: இரண்டு பேர் சாப்பிட்டிருக்கிறோம், கொடுக்கத்தான் வேண்டும். கவரில் பெயர் எழுதவில்லையே?

அத்தான்: எழுதினேன்.

மச்சான்: பெயரை மட்டும்தானே?

அத்தான்: ஊரும் எழுதினேன். பழக்கதோஷம். மேலே சாம்பார் ஊற்றும்போது அந்த ஐயா வந்து தோளில் கை போட்டார். “முதலாளியாக இருந்தும் கவர் தந்தீர்களே, உங்கள் வீட்டில் எப்போது விசேஷம்?” என்று கேட்டார்.

மச்சான்: சொன்னீர்களா?

அத்தான்: தையில் மகளுக்கு என்றேன். “சொல்லாவிட்டாலும் வருவோம்” என்கிறார். நாமும் சொல்லாமல் வந்தவர்கள்தானே, எந்த வாயால் மறுப்பது?

மச்சான்: எத்தனை பேராம்?

அத்தான்: பஸ் பிடித்து வருவார்களாம்.

மச்சான்: பெரிய பஸ்ஸா, சின்ன பஸ்ஸா?

அத்தான்: அதை நான் கேட்கவில்லை.

மச்சான்: சின்ன பஸ் என்றாலும் இந்த மண்டபம் காணாது. வேட்டியை மடித்து வையுங்கள் அத்தான், ஞாயிற்றுக்கிழமையும் முகூர்த்தம்தான். ஆரையம்பதிப் பக்கம் போய்ப் பார்ப்போம்.

அத்தான்: அங்கே கவரை நீ கொடு.