பிளாக்செயின் தெரிகிறது, பெட்டிக் கணக்கு இடிக்கிறது

லாஜிஸ்டிக்ஸ் படிப்பு நடத்தும் கல்லூரிகளில் இருந்து அவ்வப்போது கூப்பிடுவார்கள். சில சமயம் பேச, சில சமயம் வைவா (வாய்மொழித் தேர்வு) எடுக்க, சில சமயம் பாடத்திட்டம் புதுப்பிக்கும் கூட்டத்தில் ‘தொழில்துறைப் பிரதிநிதி’ நாற்காலியை நிரப்ப. “டிஜிட்டல் திறன் சேர்க்கணும் சார்” என்றுதான் கூட்டம் ஆரம்பிக்கும். முடியும்போது கடைசி அலகில் பிளாக்செயின், ஐஓடி, ஏஐ, டிஜிட்டல் ட்வின் என்று நான்கு பெயர்கள் ஏறியிருக்கும். தேர்வில் அதிலிருந்து ஒரு 13 மதிப்பெண் கேள்வி வரும். பிள்ளைகள் கட்டம் போட்டு, அம்புக்குறி வரைந்து, மதிப்பெண் வாங்கிவிடுவார்கள்.

அந்தப் பெயர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஒரகடத்திலோ செங்குன்றத்திலோ ஒரு குடோனில் சேரும் பட்டதாரிக்கு முதல் வாரத்திலேயே தேவைப்படுவது வேறு. கம்ப்யூட்டரில் உள்ள எண்ணும் ரேக்கில் உள்ள சரக்கும் ஒத்துப்போகாதபோது எங்கே தேடுவது? இதைச் சொல்லித்தருகிற பாடத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

வைவாவில் நான் வழக்கமாகக் கேட்பது இதுதான்: சிஸ்டத்தில் 240 பீஸ் இருக்கிறது, ரேக்கில் எண்ணினால் 228. என்ன செய்வாய்? பெரும்பாலும் வரும் பதில், “ஸ்டாக்கை 228 என்று திருத்துவேன் சார்.” இன்னும் கொஞ்சம் உஷாரான பிள்ளைகள், “ஆர்எஃப்ஐடி போட்டால் இந்தப் பிரச்சினையே வராது” என்பார்கள். பெட்டியில் ஒட்டி, ரேடியோ அலையால் படிக்கும் சில்லைச் சொல்கிறார்கள். பத்தாவது கூடத் தாண்டாத ஸ்டோர்கீப்பரிடம் இதையே கேட்டுப் பாருங்கள். “ஒரு பெட்டிக்கு எத்தனை பீஸ்?” என்று அவர் திருப்பிக் கேட்பார். பன்னிரண்டு என்றால் அவருக்குப் பாதிக் கதை புரிந்துவிடும். உதிரியாக எதுவும் போகவில்லை, முழுசாக ஒரு பெட்டி இடம் மாறியிருக்கிறது. ஆர்டருக்காக எடுத்துக் கதவோரம் வைத்த பெட்டி இன்னும் பில் ஆகாமல் நிற்கிறதா? லாரியில் 19 பெட்டி வந்ததற்கு, இன்வாய்ஸைப் பார்த்து 20 என்று வரவு வைத்துவிட்டார்களா? பக்கத்து ரேக்கில் ஏற்றிவிட்டார்களா? ரிட்டர்ன் வந்த பெட்டி கணக்கில் ஏறி, சரக்கு மட்டும் டேமேஜ் மூலையில் கிடக்கிறதா? இத்தனையும் பார்த்த பிறகுதான் திருட்டு என்ற பேச்சுக்கே அவர் வருவார். நடந்தது என்ன என்று தெரியாமல் 228 என்று திருத்தினால், நாளைக்கு அந்தப் பெட்டி கிடைக்கும்போது கணக்கு மறுபடி இடிக்கும்.

நான் டிஜிட்டல் திறன் என்று சொல்வது இதைத்தான். திரையில் இருப்பது யாரோ ஒருவர், ஏதோ ஒரு நேரத்தில், ஏதோ ஒரு அவசரத்தில் பதிந்தது என்ற நினைப்போடு அதைப் படிக்கத் தெரிய வேண்டும்.

கல்லூரிகளில் லேப் இல்லாமல் இல்லை. கம்பெனிகளின் கணக்கு, சரக்கு நிர்வாகத்துக்கு மென்பொருள் செய்யும் எஸ்ஏபி நிறுவனம் பல்கலைக்கழகங்களுக்காக நடத்தும் திட்டத்தில் ‘குளோபல் பைக்’ என்று ஒரு கற்பனை சைக்கிள் கம்பெனி உண்டு. அதை வைத்துக் கொள்முதல் முதல் டெலிவரி வரை எல்லா திரைகளையும் பழகலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கையேட்டில் இன்ன கட்டத்தில் இன்ன எண்ணைப் போடு என்று வரிசையாக இருக்கும். வகுப்பு முழுக்க ஒரே எண்ணைப் போட்டு, ஒரே விடையோடு வெளியே வரும். அங்கே சப்ளையர் தாமதிக்க மாட்டார். ஒரே பொருள் இரண்டு பெயரில் பதிவாகியிருக்காது. வெளியே வந்தால் ஒரே வாஷர், பொருள் பட்டியலான மாஸ்டரில் மூன்று ஸ்பெல்லிங்கில் உட்கார்ந்திருக்கிறது. மூன்றிலும் ஸ்டாக் இருக்க, நான்காவதாக ஒன்றை ஆர்டர் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அப்புறம் எக்செல். “அது தெரியும் சார்” என்று எல்லோரும் சொல்வார்கள். விலுக்அப் (VLOOKUP) தெரியும், பிவோட் டேபிள் தெரியும். ஈரோட்டு மஞ்சளுக்கு, வரிக்காகச் சரக்கை வகைபிரிக்கும் எச்எஸ்என் எண் 0910 என்று அடித்தால், எக்செல் முன்னால் உள்ள பூஜ்யத்தைத் தின்றுவிட்டு 910 என்று காட்டும் என்பது தெரியாது. சரக்கை அடுக்கும் பேலட் தட்டில் ஒட்டும் எஸ்எஸ்சிசி லேபிளில், அந்தப் பேலட்டின் தனி அடையாள எண்ணாக 18 இலக்கம். எக்செல் 15 இலக்கம்தான் நினைவில் வைக்கும், கடைசி மூன்றையும் பூஜ்யமாக்கிவிடும். அடுத்தடுத்த நூறு பேலட்டுகள் வரை ஒரே எண்ணாகத் தெரியும். மருந்துக் குடோனில் பேட்ச் எண் MAR24 என்று இருந்தால் அது தேதியாகிவிடும். (இதில் நாம் மட்டும் மாட்டவில்லை. MARCH1 மாதிரி இருந்த மனித மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக்கிக்கொண்டே இருந்ததால், அவற்றுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழு 2020இல் பெயர்களையே மாற்றிவிட்டது. எக்செல் ஜெயித்தது.) 03/04 என்ற எக்ஸ்பைரி தேதியை ஒரு கம்ப்யூட்டர் ஏப்ரல் என்றும் இன்னொன்று மார்ச் என்றும் படித்தால், முதலில் காலாவதியாகும் சரக்கை முதலில் அனுப்பும் முறையே தலைகீழாகும்.

இதையெல்லாம் கற்றுக்கொடுக்க லைசென்ஸ் வாங்க வேண்டியதில்லை. கன்டெய்னர் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். எழுத்துகளுக்கு 10இல் தொடங்கி 38 வரை மதிப்பு, நடுவில் 11, 22, 33 மட்டும் கிடையாது. ஒவ்வோர் இடத்தையும் 1, 2, 4, 8 என்று 512 வரை பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அந்தச் சரிபார்ப்பு இலக்கம். மீதி 10 வந்தால் 0. இந்தக் கணக்கை மாணவர்களே எக்செலில் கட்டிய பிறகு, பிழையான எண்களைக் கலந்து ஒரு பட்டியல் கொடுத்தால் போதும். எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுக வாசலில் ஒரு இலக்கம் தப்பாக அடித்ததை சிஸ்டம் எப்படிப் பிடிக்கிறது என்று ஒரு பிற்பகலில் புரிந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊர்ச் சிறிய வியாபாரிகளுக்கு டிஜிட்டல் என்பது கல்லூரி வழியாக வரவில்லை, ஜிஎஸ்டி வழியாக வந்தது. மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு 2018 ஏப்ரலில் இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய மின்னணு அனுமதிச் சீட்டு) கட்டாயமானது. 5 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்டில் இ-இன்வாய்ஸ் வந்தது. ஓசூர் போகும் லாரி கிருஷ்ணகிரி அருகே பழுதாகி, சரக்கை வேறு லாரிக்கு மாற்றினால் இ-வே பில்லில் என்ன மாற்ற வேண்டும்? வண்டி எண் உள்ள பகுதி ‘பி’. காலாவதி நேரம் நெருங்கினால்? முன்னும் பின்னும் எட்டு மணி நேரத்துக்குள் நீட்டிக்கலாம். இது ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் பையனுக்கு அத்துப்படி. எம்பிஏ முடித்தவருக்கு வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிய வருகிறது.

இப்போதெல்லாம் ஃபார்முலாவை ஏஐ எழுதித் தந்துவிடுமே என்று கேட்பார்கள். தரும், என்னைவிட வேகமாகவே தரும். ஆனால் ஒரு பெட்டிக்கு 12 பீஸ் என்பதையும், கதவோரம் ஒரு பெட்டி நிற்பதையும் யாராவது போய்ப் பார்த்து அதனிடம் சொல்ல வேண்டும்.

தடை எங்கே என்றால், தேர்வில்தான். மூன்று மணி நேரத் தாளில் பிழை நிறைந்த ஸ்டாக் லெட்ஜரை (சரக்குக் கணக்குப் பதிவேட்டை) கொடுக்க முடியாது. கொடுத்தாலும் விடைக்குறிப்பு ஒரே மாதிரி வராது, திருத்துபவர் தவித்துப்போவார். ஆசிரியர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. தேர்வுப் பணி, அங்கீகாரக் கமிட்டிக்கான கோப்பு, அட்மிஷனுக்கு ஊர் ஊராகப் போவது எல்லாம் முடிந்து ஒரு மாதம் குடோனில் நிற்க அவர்களுக்கு எங்கே நேரம்? ஆனாலும் அகமதிப்பீட்டு மதிப்பெண் கல்லூரியின் கையில்தான் இருக்கிறது. 2022இல் தொடங்கிய தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம் மூலம் திறன் வகுப்புகளுக்குக் கால அட்டவணையிலேயே இடம் கிடைத்திருக்கிறது. அந்த இடத்தில் இன்னொரு சான்றிதழுக்குப் பதிலாக ஒரு லெட்ஜரை வைக்கலாம்.

கம்பெனிகள் டேட்டா தராது என்பார்கள். பெரிய கம்பெனிகள் தராதுதான், அவர்களின் சட்டப்பிரிவு தாண்டி எதுவும் வெளியே வராது. பக்கத்துத் தெரு மருந்து மொத்த வியாபாரியையோ, அரிசி மண்டியையோ, ஸ்பேர் பார்ட்ஸ் கடையையோ கேளுங்கள். விலையையும் வாடிக்கையாளர் பெயரையும் எடுத்துவிட்டு, இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு மாதக் கணக்கு போதும் என்று சொல்லுங்கள். கணக்கு வைக்கும் டேலி மென்பொருளில் இருந்து ஐந்து நிமிடத்தில் எடுத்துத் தருவார்கள். பிழைகளைத் திருத்தாமல் அப்படியே தாருங்கள் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காலேஜுக்குப் போகிறதே என்று ராத்திரி உட்கார்ந்து சுத்தம் செய்துவிடுவார்கள்.