மாசாய்களின் மாடுகளும் செரெங்கெட்டியின் மந்தைகளும்

செரெங்கெட்டி என்றதும் எல்லோரும் பகிர்வது மாரா ஆற்றுக் காணொளியைத்தான். வில்டபீஸ்ட்டுகள் (மாட்டைப் போலிருக்கும் பெரிய மான் இனம்) கூட்டங்கூட்டமாக ஆற்றில் பாய்கின்றன, முதலை ஒன்றைக் கவ்வுகிறது, முடிந்தது. தான்சானியாவின் அந்த வனவிலங்குப் பூங்காவை இவ்வளவுக்குள் அடைத்துவிடுகிறார்களே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

தெற்கே, மரமே இல்லாத புல்வெளியைப் பாருங்கள். அருகிலுள்ள எரிமலைகள் கக்கிய சாம்பல் மண்ணுக்கடியில் பாறைபோல் இறுகிக் கிடக்கிறது. மரத்தின் வேர் அதைத் துளைத்து இறங்க முடியாது. குட்டைப் புல்லுக்கோ மேல்மண்ணே போதும். சாம்பலிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் புல்லில் ஏறுகின்றன. பால் கொடுக்கும் தாய்க்கு வேறென்ன வேண்டும்? மழை விழுந்ததும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட்டுகள் அங்கே வந்து சேர்ந்து, பிப்ரவரியை ஒட்டிய சில வாரங்களுக்குள் பெரும்பாலான கன்றுகளை ஈன்றுவிடுகின்றன. அத்தனையும் ஒரே சமயத்தில் பிறந்தால் கழுதைப்புலிகள் எத்தனையைத்தான் தின்றுவிட முடியும்!

மனிதக் கைபடாமல் ஆதிகாலம் தொட்டு இந்த மந்தை இப்படியே இருக்கிறது என்கின்றன சுற்றுலா விளம்பரங்கள். அது பொய். 1880களின் இறுதியில், கப்பலில் வந்த மாடுகளோடு வெக்கை நோய் என்ற கொடிய மாட்டுத் தொற்று கிழக்கு ஆப்பிரிக்காவில் இறங்கியது. சில ஆண்டுகளில், அங்கே மாடு மேய்த்து வாழும் மாசாய் மக்களின் மாடுகளில் பெரும்பகுதி மடிந்தது. மாடு போனதும் மனிதர்கள் பட்டினியில் செத்தார்கள். வில்டபீஸ்ட்டுகளும் காட்டெருமைகளும் அதே நோயில் விழுந்தன. அதன்பிறகும் பல பத்தாண்டுகள் அது கன்றுகளைக் கொன்றுகொண்டே இருந்தது. 1960களின் தொடக்கத்தில் அங்கிருந்தவை சுமார் 2.5 லட்சம் வில்டபீஸ்ட்டுகள். 1970களின் இறுதியிலோ ஏறத்தாழ 13 லட்சம்!

இடையில் நடந்தது இதுதான்: பூங்காவைச் சுற்றியிருந்தவர்களின் மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். காட்டு விலங்குகளுக்கு அல்ல, வீட்டு மாடுகளுக்கு. மாட்டில் நோய் அற்றதும் காட்டிலும் அற்றது. பெருகிய மந்தை புல்லை மேய்ந்து தள்ளியதால் தீக்கு இரை குறைந்தது. கருகிப்போய்க்கொண்டிருந்த மரக்கன்றுகள் பிழைத்து வளர்ந்தன. ஒட்டகச்சிவிங்கி இன்று கடிக்கிற கிளைக்கும் அந்த ஊசிக்கும் தொடர்பு உண்டு.

அந்த மாட்டுக்காரர்களை என்ன செய்தோம்? 1959-இல் மாசாய்களைப் பூங்காவிலிருந்து வெளியேற்றி, பக்கத்திலுள்ள ங்கோரோங்கோரோ பகுதிக்கு அனுப்பினார்கள். வில்டபீஸ்ட் கன்றுகளிடமிருந்து மாடுகளுக்கு ஒரு கொடிய காய்ச்சல் தொற்றும் என்பதால், கன்று ஈனும் பருவத்தில் சத்தான புல்லை அவற்றுக்கே விட்டுவிட்டு, மாடுகளை மேட்டு நிலத்துக்கு ஓட்டிப்போவது மாசாய்களின் வழக்கம். இவர்களையா காட்டுக்கு எதிரிகள் என்கிறோம்?

2022 ஜூனில், பூங்காவின் கிழக்கு எல்லையை ஒட்டிய லோலியோண்டோவில் சுமார் 1,500 சதுர கிலோமீட்டர் மேய்ச்சல் நிலத்தை வனவிலங்குகளுக்கென்று தனியே பிரித்து அரசு எல்லைக் கல் நட்டது. மோதல் வெடித்தது, காயமடைந்தவர்கள் உட்படப் பலர் கென்யாவுக்குத் தப்பி ஓடினார்கள். பூங்காவின் ஓரங்களில் மக்களும் மாடுகளும் பெருகியிருப்பது உண்மைதான். மேய்ச்சலுக்கு வரம்பு வேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பணம் கட்டி வேட்டையாட வருபவர்களுக்கு இடமிருக்கும் மண்ணில் மாசாயின் மாட்டுக்கு இடமில்லை என்றால், அதை வனப் பாதுகாப்பு என்று நான் ஏற்கமாட்டேன். வரம்பு எது என்பதை அந்தப் புல்லைத் தலைமுறைகளாக அறிந்தவர்களோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும், துப்பாக்கியோடு போய் அல்ல.