தேர்வு பயத்தில் கேள்வித்தாளுக்கும் பங்கு உண்டு

காலாண்டுத் தேர்வு நெருங்கினால் பல பள்ளிகளில் பிள்ளைகளை ஓரிடத்தில் உட்கார வைத்து, தேர்வு பயத்தைப் போக்குவது எப்படி என்று யாராவது ஒருவர் பேசுகிறார். மூச்சை இழுத்து விடுங்கள், நன்றாகத் தூங்குங்கள், தன்னம்பிக்கையோடு இருங்கள் என்று சொல்கிறார். நல்ல அறிவுரைகள்தாம். ஆனால் பல ஆண்டுகளாக ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்குக் கணிதம் கற்பிக்கும் ஆசிரியை என்ற முறையில் எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. பிள்ளைகளின் பயத்தில் கணிசமான பகுதி, நாம் கேள்வித்தாள் தயாரிக்கும் விதத்திலும், விடைத்தாளைத் திருத்தும் விதத்திலும், திருத்திய தாளைத் திருப்பிக் கொடுக்கும் விதத்திலும் உண்டாவது. பொதுத்தேர்வும், பல பள்ளிகளுக்கும் பொதுவாக வரும் அரையாண்டுத் தாளும் நம் கையில் இல்லை என்பது உண்மை. ஆனால் ஸ்லிப் டெஸ்ட், அலகுத் தேர்வு, மாதத் தேர்வு எல்லாம் முழுக்க முழுக்க நம் கையில் இருப்பவை. ஒரு பிள்ளை தேர்வு என்றாலே நடுங்கக் கற்றுக்கொள்வதும், நடுங்காமல் எழுதக் கற்றுக்கொள்வதும் அவற்றில்தான்.

தேர்வு பயத்தில் இரண்டு கூறுகள் இருப்பதை லீபர்ட், மாரிஸ் என்ற உளவியலாளர்கள் 1967-லேயே பிரித்துக் காட்டினார்கள். நெஞ்சு படபடப்பது, உள்ளங்கை வியர்த்துத் தாள் நனைவது, வயிற்றைக் கலக்குவது போன்ற உடல் அறிகுறிகள் ஒரு பக்கம். ‘ஃபெயிலாகிவிடுவேனோ, அப்பா என்ன சொல்வார், மற்றவர்கள் எல்லாரும் எழுதிக்கொண்டிருக்கிறார்களே’ என்று மனத்துக்குள் ஓடும் கவலை மறுபக்கம். மதிப்பெண்ணை அதிகம் கெடுப்பது இரண்டாவதுதான். கணக்குப் போடும்போது இடைப்பட்ட எண்களையும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதையும் மனத்தில் தாங்கிக்கொண்டே போக வேண்டும். அந்த இடத்தைக் கவலை பிடித்துக்கொண்டால், நேற்றுக் கரும்பலகையில் தடுமாறாமல் போட்ட அதே கணக்கு இன்று வராமல் போகிறது. இதைத்தான் நாம் ‘ஒழுங்காகப் படிக்கவில்லை’ என்று எழுதி அனுப்புகிறோம்.

கொஞ்சம் பயம் இருந்தால்தானே படிப்பான் என்று கேட்பவர்கள் உண்டு. 1908-இல் யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவர் எலிகளுக்கு மின் அதிர்ச்சி கொடுத்துச் செய்த சோதனையை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். எளிதான வேலையைக் கற்பதற்குக் கடுமையான அதிர்ச்சியும் உதவியது. கடினமான வேலைக்கோ மிதமான அளவே உதவியது, அதைத் தாண்டியபோது கற்றல் கெட்டது. பிள்ளைகள் எலிகள் அல்லர் என்றாலும், வாய்ப்பாடு ஒப்பிக்க வைக்கும் மிரட்டல் வடிவியல் நிரூபணத்துக்கு உதவாது என்பதை வகுப்பறையில் நிற்கும் எவரும் அறிவர்.

இனி கேள்வித்தாளுக்கு வருகிறேன். ‘ஆரம் 7 செ.மீ., உயரம் 24 செ.மீ. உடைய கூம்பின் வளைபரப்பைக் காண்க’ என்பது நாம் எல்லாரும் கொடுக்கும் ஐந்து மதிப்பெண் கணக்கு. முதலில் சாயுயரம் காண வேண்டும். 49-ஐயும் 576-ஐயும் கூட்டினால் 625, அதன் வர்க்கமூலம் 25, பிறகு வளைபரப்பு 550 ச.செ.மீ. பதற்றத்தில் இருக்கும் பிள்ளை கூட்டலில் தவறி 615 என்று எழுதிவிடுகிறது. அதற்கு முழு எண்ணாக வர்க்கமூலம் வராது. அந்த இடத்திலேயே பேனா நின்றுவிடும். அடித்துவிட்டு மறுபடி எழுதும், மறுபடியும் அடிக்கும், பத்து நிமிடம் போய்விடும், அந்தப் பதற்றம் அடுத்த மூன்று கணக்குகளையும் விழுங்கிவிடும். வளைபரப்பின் சூத்திரம் அந்தப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். தெரியும் என்று காட்ட நம் கேள்வி இடம் கொடுக்கவில்லை.

அதே கணக்கை, ‘(அ) சாயுயரம் 25 செ.மீ. எனக் காட்டுக. (ஆ) வளைபரப்பைக் காண்க’ என்று இரண்டாகப் பிரித்துக் கொடுத்துப் பாருங்கள். முதல் பகுதியில் சறுக்கியவரும் 25 என்பதை எடுத்துக்கொண்டு இரண்டாம் பகுதியை முழுமையாகச் செய்ய முடியும். பிள்ளைக்கு எது தெரியும், எது தெரியாது என்பது ஆசிரியருக்கும் தனித்தனியாகத் தெரியவரும். ஒரே பிழைக்கு இரண்டு முறை மதிப்பெண் குறைப்பது எந்தப் பாடத்திலும் நியாயமில்லை. பழைய வடிவத்திலேயே கேட்டாலும், தவறான சாயுயரத்தை வைத்துச் சரியான முறையில் மேலே சென்றிருந்தால் அதற்குரிய ஸ்டெப் மார்க்கைக் கொடுத்தே ஆக வேண்டும்.

கடினமான கேள்வியே கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கே இருக்கிறது என்று தெரிந்த கடினம் பிள்ளைகளை அவ்வளவு மிரட்டுவதில்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக் கணிதத் தாளில் 28-ஆம் வினாவும் 42-ஆம் வினாவும் கட்டாய வினாக்கள். அவை புத்தகத்துக்கு வெளியிலிருந்தும் வரலாம் என்று பிள்ளைகளுக்குத் தெரியும், 100 மதிப்பெண்ணில் அவை இரண்டும் சேர்ந்து 7 என்பதும் தெரியும். அதனால் அவற்றைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு மற்றதை நிம்மதியாக எழுதுகிறார்கள். வகுப்புத் தேர்விலோ சிலர் முதல் வினாவையே யோசிக்க வைக்கும் வினாவாகப் போடுகிறார்கள். முதல் இரண்டு வினாக்கள் வகுப்பில் எல்லாருக்கும் வரக்கூடியவையாக இருந்தால், கை எழுதத் தொடங்கிவிடும். கை எழுதத் தொடங்கினால் பாதிக் கவலை அடங்கிவிடும்.

நேரமும் இப்படித்தான். பொதுத்தேர்வில் வினாத்தாளை வாசிக்க 10 நிமிடமும், விடைத்தாளின் முகப்பு விவரங்களைச் சரிபார்க்க 5 நிமிடமும் கொடுத்துவிட்டுத்தான் மூன்று மணி நேரம் தொடங்குகிறது. நாமோ 45 நிமிடப் பாடவேளையில் வருகைப்பதிவு எடுத்து, தாள் கொடுத்து, கேள்வியைக் கரும்பலகையில் எழுதி முடிக்கும்போது 35 நிமிடம்தான் மிஞ்சுகிறது என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. நான் தாளைத் தயாரித்ததும் விடையை முழுவதுமாக நானே எழுதிப் பார்த்து, எனக்கு ஆகும் நேரத்தைப் போல மூன்று மடங்கு மாணவர்களுக்குக் கொடுக்கிறேன். மெல்ல எழுதும் பிள்ளைக்குக் கணக்குத் தெரியாது என்று பொருளில்லை. ஜெராக்ஸில் மங்கிப்போன படத்தைக் கொடுத்து அதிலிருந்து கோணத்தை வாசிக்கச் சொல்வதும், ‘பின்வருவனவற்றுள் எது தவறானது அல்ல’ என்று இரட்டை எதிர்மறையில் கேட்பதும் பாடத்தைச் சோதிப்பவை அல்ல. அவற்றைத் தாளிலிருந்து நீக்கினால் தரம் குறையாது.

திருத்துவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் 1913-இல் ஒரே வடிவியல் விடைத்தாளின் நகல்களைப் பல ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். முப்பதுக்கும் கீழே போட்டவரும் இருந்தார், தொண்ணூறுக்கு மேல் போட்டவரும் இருந்தார். கணக்கிலேயே இப்படி என்றால் தமிழ்க் கட்டுரைக்கும் சமூக அறிவியல் நெடுவினாவுக்கும் கேட்க வேண்டியதில்லை. விடைக்குறிப்பைத் திருத்துவதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்வதும், பெயரைப் பார்க்காமல் திருத்துவதும், ஒரு மாணவரின் தாளை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாமல் எல்லாருடைய ஐந்தாம் வினாவையும் சேர்த்துத் திருத்துவதும் பெரிய வேலையல்ல. எதற்கு எத்தனை மதிப்பெண் போனது என்று தெரிந்த பிள்ளைக்கு அடுத்த தேர்வில் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும்.

என் மனத்தை மிகவும் வருத்துவது, தாள் கொடுக்கும் நாள். அதிக மதிப்பெண்ணிலிருந்து அடுக்கி வைத்து, பெயரையும் மதிப்பெண்ணையும் உரக்க வாசித்துக் கொடுக்கும் வழக்கம் இன்னும் பல வகுப்புகளில் இருக்கிறது. அடுக்கு குறையக் குறைய, இன்னும் பெயர் வராத பிள்ளைகளின் முகத்தை ஒருமுறையேனும் உற்றுப் பார்க்க வேண்டும். தமிழக அரசு 2017-இல் பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில, மாவட்ட முதலிடங்களை அறிவிப்பதையே நிறுத்திவிட்டது. முப்பது பேர் உள்ள வகுப்பறைக்கு மட்டும் தரவரிசை எதற்கு? தாளை மடித்துக் கையில் கொடுத்தால் போதும்.

பயத்தைக் குறைக்க நான் கண்ட நல்ல வழி, சிறு தேர்வுகளை அடிக்கடி வைத்து, அவற்றின் மதிப்பெண்ணை எங்கும் பதிவு செய்யாமல் விடுவது. திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பார்ப்பது நெடுநாள் நிற்கிறது என்பதை ரோடிகர், கார்ப்பிக் இருவரின் 2006-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. எழுதிப் பழகிய பிள்ளைக்குத் தேர்வு புதிதாகத் தெரிவதில்லை. இதற்கு மாறாக, தேர்வுக்குப் பத்து நிமிடம் முன் கவலைகளை எழுதச் சொன்னால் மதிப்பெண் உயரும் என்று 2011-இல் வெளிவந்த ஆய்வு பெரிதும் பேசப்பட்டது. 2018-இல் வெளியான மறுசோதனையில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. உடனடித் தீர்வு என்று வருபவற்றைப் பொறுமையாகத்தான் ஏற்க வேண்டும்.

சில பிள்ளைகளின் பயம் நம் கேள்வித்தாளால் தீராது. தேர்வு நாளெல்லாம் வாந்தி எடுப்பது, பல நாள் தூங்காமல் இருப்பது, ‘இருந்து என்ன பயன்’ என்பது போலப் பேசுவது ஆகியவற்றைக் கண்டால், அறிவுரை சொல்லி நேரத்தைப் போக்காமல் பெற்றோரிடம் பேசி உடனே மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். தமிழகத்தில் 14417 என்ற கல்வி உதவி எண்ணும், 104 என்ற மருத்துவ உதவி எண்ணும் இருக்கின்றன. அவை வகுப்பறைச் சுவரில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

சக ஆசிரியர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த அலகுத் தேர்வுத் தாளை அச்சுக்குக் கொடுக்கும் முன், அடுத்த பிரிவு ஆசிரியரிடம் கொடுத்து விடை எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். தயாரித்தவர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் வினா இன்னொருவருக்கு இரண்டு பொருள் தருவது அப்போதுதான் தெரியும். அவர் எங்கே நின்று யோசிக்கிறாரோ, அந்த வினாவைத் திருத்தி எழுதிவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.