பின் சைட் வாங்கியவர்கள் முன் சைட்டை மறந்துவிடுகிறார்கள்

எனக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டது என்று முதலில் சொன்னது கண் டாக்டர் இல்லை, என் ரைஃபிள். செய்தித்தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடிக்க ஆரம்பிப்பதற்கு ஓராண்டு முன்பே குறிபார்க்க உதவும் இரண்டு சைட்டுகளில் கண்ணுக்கு அருகே உள்ள பின் சைட்டின் ‘வி’ வெட்டு பஞ்சு மாதிரி கலங்கத் தொடங்கிவிட்டது. முன் சைட் தெளிந்தால் பின் சைட் புகை. பின் சைட்டை உற்றுப் பார்த்தால் இலக்கே காணோம். பின் வெட்டு, முன் முனை, இலக்கு என்ற மூன்று தூரங்களையும் கண்ணால் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க முடியாது. இளவயதில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவிச் சமாளித்துவிடும். 45-க்கு மேல் அந்தத் தாவல் சோம்பேறியாகிவிடுகிறது.

அதனால்தான் பழைய பீப் சைட்டைத் தேடிப் போனேன். “ஸ்கோப் இருக்கும்போது எதற்கு இந்தப் பழம்பெருமை?” என்று கேட்காத ஆள் இல்லை. ஸ்கோப் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் போல்ட் என்ற தண்டைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் மெலிந்த போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளின் முதுகில் அரைக் கிலோவை ஏற்றியபின் அது வேறு ஆயுதமாகிவிடுகிறது. கைக்குள் நடுவாக அமர்ந்த எடை மேலே போய்விடுகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

பீப் சைட் என்பது கண்ணுக்கு அருகே இருக்கும் சின்ன வட்டத் துளை. அதைப் பார்க்கவே கூடாது, அதன் வழியாகப் பார்க்க வேண்டும். துளையின் நடுவில்தான் வெளிச்சம் அதிகம் என்பதால் கண் முன் சைட்டைத் தானாகவே அங்கே கொண்டுபோய் நிறுத்திவிடும். “நடுவில் இருக்கிறதா, நடுவில் இருக்கிறதா” என்று அளந்துகொண்டிருப்பவர்கள்தான் தவறவிடுகிறார்கள். இன்னொரு லாபமும் உண்டு. துளை சிறிதாக இருந்தால் முன் சைட்டும் இலக்கும் ஒருசேரத் தெளிகின்றன. கண்ணாடி இல்லாதபோது விரல்களை ஒடுக்கி அந்த இடுக்கு வழியாகப் பெயர்ப்பலகை படிப்போமே, அதே வித்தை. ஆனால் அளவோடு. சைட் வளையத்தில் திருகி மாட்டும் டார்கெட் தட்டுகளில் வரும் 1 மில்லிமீட்டர் சொச்சத் துளை நல்ல வெயிலில் அருமை. மரநிழலில் மாலை 5 மணிக்கு வெறும் இருட்டு. அதனால்தான் காட்டில் சுற்றுகிறவர்கள் அந்தத் தட்டையே கழற்றிப் பையில் போட்டுவிட்டு, தட்டு இருந்த பெரிய வளையத்தின் வழியாகவே சுடுவார்கள்.

ராணுவங்கள் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டன. முதல் உலகப் போரில் பிரிட்டன் கொண்டுபோன லீ-என்ஃபீல்டில் பின் சைட் குழலின் மேல் இருந்தது. அதற்கும் முன் சைட்டுக்கும் நடுவே சுமார் 19 அங்குலம். இரண்டாம் உலகப் போரில் வந்த எண் 4 ரைஃபிளில் பின் சைட் துளை வடிவமாகி, போல்ட் ஓடும் உடற்பகுதியான ரிசீவரின் பின்கோடிக்கு நகர்ந்தது, இடைவெளி 28 அங்குலத்தைத் தாண்டியது. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு 1903-ம் அதே வழிக்கு வந்தது. 1942-இன் 1903ஏ3-இல் துளை ரிசீவர் மேல் போய் உட்கார்ந்தது. கணக்கு எளிது. இரண்டு சைட்டுக்கும் நடுவே 500 மில்லிமீட்டர் இருக்கும் துப்பாக்கியில் 0.1 மில்லிமீட்டர் பிசகினால் 100 மீட்டரில் 20 மில்லிமீட்டர் விலகும். அதே பிசகு 750-இல் 13-தான்.

சரி, பழைய சைட்டுக்கு வருவோம். 1878-இல் தொடங்கிய லைமன், அப்புறம் ரெட்ஃபீல்டு, பிரிட்டனில் பார்க்கர்-ஹேல் என சைட் செய்த பல கம்பெனிகள் உண்டு. எனக்குக் கிடைத்தது லைமன் 48-இன் மவுசர் வடிவம். எஃகைக் கடைந்து செய்த பொருள். கையில் எடுத்தாலே பூட்டுக்காரர் வேலை போலத் தெரியும். ஆனால் ‘பழையது, நல்லது’ என்று கண்ணை மூடி வாங்காதீர்கள். திருகுக் குமிழைத் திருகிப் பாருங்கள், ஒவ்வொரு கிளிக்கும் விரலுக்குத் தெரிய வேண்டும். மேலேயும் கீழேயும் ஓடும் தண்டைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் அழுத்துங்கள். ஆடினால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். கெட்டிப்பட்ட கிரீஸ்தான் சிக்கலென்றால் ஒரு ராத்திரி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டால் சரியாகிவிடும். என்னுடையதில் கொஞ்சம் தேய்மானம் உண்டு. எந்தப் பக்கம் திருப்பினாலும் கடைசி இரண்டு கிளிக்கை மேல்நோக்கியே கொண்டுவந்து நிறுத்துகிறேன், அப்போது ஒழுங்காக நிற்கிறது.

துளை போடும் விஷயத்தில் என் கருத்து கறாரானது. கை படாத, பாகங்களின் வரிசை எண்கள் எல்லாம் பொருந்திய ராணுவ ரைஃபிளில் துளை போடாதீர்கள். போட்ட துளையைத் திரும்ப மூட முடியாது, மதிப்பும் போய்விடும். வேலையும் லேசில்லை. மவுசர் 98 ரிசீவரின் மேல்தோல் கடினப்படுத்தப்பட்டது. சாதாரண டிரில் அதன் மேல் வழுக்கி ஓடும், இல்லாவிட்டால் மழுங்கும். அவசரப்பட்டு அழுத்தினால் மரை வெட்டும் டேப் உள்ளேயே உடைந்து நிற்கும். தொழில் தெரிந்தவர் கையில், கார்பைடு டிரில்லோடு, சட்டம் அனுமதித்த பட்டறையில் மட்டுமே செய்ய வேண்டிய வேலை அது. தொழிற்சாலையிலேயே துளை போட்டு வந்த ரைஃபிள்கள் இருக்கின்றன. 1936-இல் வந்த வின்செஸ்டர் மாடல் 70-இல் ரிசீவர் சைட்டுக்கான மரைத்துளைகள் தயாராகவே இருந்தன. லீ-என்ஃபீல்டுகளுக்குப் பார்க்கர்-ஹேல் செய்த சில சைட்கள் ஏற்கெனவே உள்ள துளையைப் பிடித்தே உட்காரும். அல்லது என்னைப் போல, யாரோ எப்போதோ துளை போட்டுவிட்ட ஒரு மவுசர் ஸ்போர்ட்டரை, அதாவது வேட்டைக்கென மாற்றிய ரைஃபிளை எடுங்கள். பாவம் அவர் கணக்கில், பலன் நம் கணக்கில்.

துளை இருந்தும் நான் தப்பவில்லை. சைட்டோடு ஸ்க்ரூ வரவில்லை. மரை அளவு 6-48 என்று தெரிந்ததால் அதே மரையில் இரண்டு வாங்கினேன், நீளத்தைப் பார்க்கவில்லை. ரைஃபிள் காலி என்று கண்ணாலும் விரலாலும் சரிபார்த்து, போல்ட்டை எடுத்துவைத்துவிட்டு, துளைகளை எண்ணெய் போகத் துடைத்து, அடித்தட்டை வைத்து முடுக்கினேன். பசை மாதிரி கச்சிதமாகப் பிடித்தது. போல்ட்டைத் திரும்ப நுழைத்தால் முக்கால்வாசி போய் ‘டக்’ என்று நின்றது. முட்டாள்தனமாக இன்னொரு முறை தள்ளினேன். வெளியே எடுத்துப் பார்த்தால் பளபளவென்றிருந்த போல்ட் மேல் நகக்கீறல் போல ஒரு கோடு. ஸ்க்ரூ முனை உள்சுவரைத் தாண்டி அரை மில்லிமீட்டர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அரத்தில் நாலு இழுப்பு இழுத்து முனையை மட்டம் பண்ணியதும் போல்ட் வெண்ணெயில் கத்தி போல ஓடியது. கோடு இன்னும் இருக்கிறது.

இவ்வளவும் முன்னுரைதான். நான் சொல்ல வந்தது இனிமேல்தான்.

பழைய பின் சைட்டுக்காக ஆறு மாதம் தேடுகிறவர் முன் சைட்டைப் பற்றி ஆறு நிமிடம்கூட யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை. எல்லாம் மாட்டி முடித்து முதல் நாள் 50 மீட்டரில் சுட்டேன். தாளில் ஒன்றும் இல்லை. பின்னால் இருந்த பெரிய அட்டையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது: மூன்று குண்டும் ஒரே இடத்தில், அழகாக, குறிக்கு 18 சென்டிமீட்டர் மேலே. பின் சைட்டைக் கீழே இறக்கப் போனால் அது ஏற்கெனவே அடிமட்டத்தில் நிற்கிறது. “சைட் கோளாறு, விற்றுவிடு” என்று பக்கத்தில் ஒருவர் யோசனை சொன்னார். சைட்டில் ஒரு கோளாறும் இல்லை. குழல் மேல் தாழ்வாக இருந்த பழைய பின் சைட்டுக்கு அளவெடுத்த குட்டையான முன் சைட் அது. ரிசீவர் முதுகில் உயரமாக உட்கார்ந்த புதிய துளைக்கு அது எப்படிப் போதும்?

இதற்கு ஊகம் வேண்டாம், ஒரு பெருக்கல் ஒரு வகுத்தல் போதும். எவ்வளவு விலகியதோ அதை இரண்டு சைட்டுக்கும் நடுவே உள்ள நீளத்தால் பெருக்கி, சுட்ட தூரத்தால் வகுக்க வேண்டும். என் ரைஃபிளில் நடு நீளம் 700 மில்லிமீட்டர். 180-ஐ 700-ஆல் பெருக்கி 50,000-ஆல் வகுத்தால் 2.52. ஆக முன் சைட் இரண்டரை மில்லிமீட்டர் உயர வேண்டும். மேலே போகிற குண்டைக் கீழே இறக்க முன் சைட்டை உயர்த்த வேண்டும் என்பது முதலில் தலைகீழாகத் தோன்றும். பின் சைட்டைக் குண்டு போக வேண்டிய பக்கம் நகர்த்துவது, முன் சைட்டை அதற்கு எதிர்ப்பக்கம் நகர்த்துவது, இவ்வளவுதான் விஷயம்.

சரியாக இரண்டரை வாங்கியிருந்தால் மறுபடியும் மாட்டியிருப்பேன். பின் சைட் அடிமட்டத்திலேயே ஒட்டிக்கிடக்கும், கீழே இறக்க ஒரு கிளிக் கூட மிச்சமிருக்காது. அதனால் 3.3 மில்லிமீட்டர் உயர்த்தியான தட்டைமுனை போஸ்ட் (நேராக நிற்கும் முன் சைட் முனை) ஒன்றை வாங்கினேன். கூடுதலான 0.8 மில்லிமீட்டர் இந்த 700-க்கு ஏறக்குறைய 4 மினிட். மினிட் என்பது கோண அளவு, ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு; ஒரு மினிட் என்றால் 100 மீட்டரில் 29 மில்லிமீட்டர். கிளிக் ஒன்றுக்குக் கால் மினிட் என்றால், கீழே 16 கிளிக் சேமிப்பு.

பழைய முன் சைட்டை, அது குறுக்கே சொருகி நிற்கும் டவ்டெயில் பள்ளத்திலிருந்து கழற்றும்போது சுத்தியலை நேராக வைக்காதீர்கள். பித்தளைக் கம்பி வைத்துத் தட்டுங்கள். சுடுகிறவர் கண்ணோட்டத்தில் இடமிருந்து வலமாகக் கழற்றுவதும் வலமிருந்து இடமாக ஏற்றுவதும் பொதுவழக்கம். எதிர்த்திசையில் அடித்துப் பள்ளத்தின் உதட்டை வளைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வடிவத்திலும் எனக்கொரு பிடிவாதம் உண்டு. தாளில் கறுப்பு வட்டத்தைச் சுட வட்டவளையம் பதித்த குழாய் சைட் சிறந்தது. மற்ற எல்லாவற்றுக்கும் தட்டைத்தலை போஸ்ட்தான். முனையில் பித்தளை மணி வைத்த முன் சைட் பார்க்க அழகு. ஆனால் வெயில் ஒரு பக்கமிருந்து அடித்தால் மணியின் அந்தப் பக்கம் மட்டும் மின்னும், கண் மின்னுகிற பக்கத்தையே நடு என்று நம்பிவிடும். குண்டு எதிர்ப்பக்கம் போகும். பழைய ஆட்கள் கற்பூரத்தைக் கொளுத்தி அந்தப் புகையில் முன் சைட்டைக் காட்டி மட்டக்கறுப்பாக்குவார்கள். நானும் அதையே செய்கிறேன். கரி விரலில் ஒட்டும், துடைத்தால் போய்விடும், ஆனால் மினுக்கம் துளியும் இராது.

இன்னும் இரண்டு, சுருக்கமாக. ஸ்கோப்புக்காகக் கன்னப்பகுதி உயர்த்திச் செய்த கட்டையில் பீப் சைட் மாட்டினால் முகத்தை எவ்வளவு அமுக்கினாலும் கண் துளைக்கு இறங்காது; வாங்குவதற்கு முன் கண்ணை மூடி ரைஃபிளைத் தோளில் ஏற்றி, அப்புறம் கண்ணைத் திறந்து பாருங்கள். அடுத்தது சாய்வு. அடித்தட்டு 3 டிகிரி சாய்ந்து உட்கார்ந்திருந்தால் 20 மினிட் ஏற்றும்போது குண்டு ஒரு மினிட் பக்கவாட்டிலும் நழுவும். கிட்டத்தில் தெரியாது, தூரம் கூடக்கூடக் காற்றைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். ரசமட்டம் வைத்துப் பார்க்கிற ஐந்து நிமிட வேலை இது.

புதிய போஸ்ட்டோடு அடுத்த வாரம் அதே 50 மீட்டர். துளை அடிமட்டத்தில் இருந்தபோது குண்டு குறிக்கு மேலிருந்து கீழே வந்துவிட்டது, ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் தாழ்வாக. கணக்கு சொன்னபடியே. 15 கிளிக் ஏற்றினேன். மூன்று குண்டு, குறியின் மேல் விளிம்பைக் கடித்துக்கொண்டு நின்றன. ஒரு கிளிக் இறக்கலாமா என்று யோசித்துவிட்டு, அப்படியே விட்டுவிட்டேன்.